இனிமேல் அசைந்துகொண்டிருப்பேன், ஐயா

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் மாரித்தாயின் முதல் பயம். ஏற்கெனவே மூன்று தடவை சொல்லியாயிற்று. "தீப்பிடித்தது" என்று முதல் தடவை சொன்னாள். அது தப்பு என்று ஆபீசில் திருத்தினார்கள். "என் மகள் கை வெந்துபோனது" என்று இரண்டாவது தடவை சொன்னாள்; அதுவும் தப்பு. மூன்றாவது தடவை, "அப்ப என்னதான் நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க ஐயா" என்று கேட்டாள். இப்போதுதான் வழிக்கு வந்தாள் என்று மகிழ்ந்து, அவர்களே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அரசாங்கக் காகிதத்தில் இருப்பது அந்த மூன்றாவது. இங்கே இருப்பது முதலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் சொன்னது. ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உண்மை இருந்தால் வெளியே சொல்லாமல் இருக்கவும்.

ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பேர் வேண்டாம், வம்பு. அங்கே மருந்து அடைக்க நாலு அறைகள். மருந்து என்றால் வெடிமருந்து. ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளி இருக்கும். தடித்த சுவர், ஓடித் தப்பிக்க எதிரெதிரே இரண்டு வாசல், வாசலில் மணல் வாளி. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இதெல்லாம் சட்டம்.

சட்டத்தைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு தடவை விருதுநகரிலிருந்து ஜீப் வரும். தூரத்தில் புழுதி தெரிந்ததும் வாட்ச்மேன் மணியடிப்பார். நாலு பேருக்கு மேற்பட்டவர்கள் தூக்குச்சட்டியோடு எழுந்து வேலிக்கருவைக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அதிகாரி வந்து அறைக்கு நாலு தலை எண்ணுவார், கலர் குடிப்பார், போவார். காட்டுக்குள் ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது கம்பெனிக்கும் தெரியும். இப்படி ஒரு குறையும் இல்லாமல் சட்டம் காப்பாற்றப்பட்டு வந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அந்த விருதுநகர் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அப்போது ஜில்லா முழுக்க எதையும் பெட்டிக்குள் பார்ப்பதுதான் நாகரிகம். கல்யாண வீட்டில் மணமேடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையை விட்டுவிட்டு வீடியோக்காரர் வைத்த டிவியைப் பார்த்தார்கள். கோயிலில் தேர் வந்தால் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கும்பிடக் கை இல்லாமல் நின்றார்கள். ஊரே இப்படி இருக்கும்போது அரசாங்கம் மட்டும் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் மரியாதையா?

ஆபீசில் லட்சுமிகாந்தம் என்ற அதிகாரி இருந்தார். அவர் ஜீப்பைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு ஒரு ஆணை பிறப்பித்தார். "தொழிலாளர்தம் இன்னுயிரைப் பேணும் உயரிய நோக்கோடு, மருந்து அடைக்கும் ஒவ்வோர் அறையிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டு, அதன் காட்சி இவ்வலுவலகத்துக்கு இடையறாது கிடைக்க ஆவன செய்யப்பட வேண்டும். தவறினால் உரிமம் ரத்து."

கேமரா மாட்ட வந்தவர் இக்பால். விருதுநகரில் கரண்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், அறையை எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"போர்மேன், இது மருந்து ரூமுல்ல? இதுக்குள்ள கரண்டு இழுக்கலாமா?"

போர்மேன் பாண்டிராஜுக்கு மருந்து வாசம் பழகிய அளவுக்குச் சட்டம் பழகவில்லை. "ஆணையில போட்டிருக்குல்ல. இழுங்க பாய்."

"ஒரு பொறி தட்டுனா ஒங்க ஆணையும் நானும் ஒண்ணாத்தான் பறப்போம். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு. எழுதிக் கேளுங்க."

கேட்டார்கள். பத்து நாளில் பதில் வந்தது. அந்தப் பதிலை இன்றைக்கும் மாரித்தாய் மனப்பாடமாகச் சொல்வாள். "மருந்து இருக்கும் அறையில் மின்சாரம் இருத்தல் ஆகாது. கேமரா மின்சாரத்தால் இயங்குவது. எனவே, கேமரா உள்ள அறையில் மருந்து இல்லாதவாறு நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும்."

கம்பெனி பார்த்துக்கொண்டது. ஒரு அறைக்குக் கேமரா மாட்டி, மருந்தை வெளியே எடுத்தது. மற்ற மூன்று அறைகளையும் பூட்டியது. பூட்டிய அறையில் வேலை நடக்காது, வேலை நடக்காத அறைக்குக் கேமரா வேண்டாம். மிச்சம் இருந்தது மருந்து. அதைக் கேமராவும் இல்லாத, சுவரும் இல்லாத, வாசலும் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்பக்கம் ஒரு பெரிய வேப்பமரம் நின்றது. பன்னிரண்டு பேர் அதன் அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து மருந்து அடைக்கத் தொடங்கினார்கள்.

இப்போது கேமரா முன்னால் உட்கார ஒரு ஆள் வேண்டும். பாண்டிராஜ் யோசித்து மாரித்தாயைக் கூப்பிட்டான்.

"மதினி, நீங்க உக்காருங்க. நீங்கதான் சிரிக்க மாட்டீக, வாய் பேச மாட்டீக, எந்நேரமும் யாரோ பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரியே பயந்துகிட்டு இருப்பீக. இந்த வேலைக்குன்னே பெறந்திருக்கீக."

"என்ன வேல போர்மேனு?"

"பூச்சட்டிக்கு மருந்து அடைக்கணும். மருந்துக்குப் பதிலா மணல். அடைச்சு முடிச்சதும் கொட்டிட்டு மறுபடி அடைங்க."

"மண்ணை அடைச்சு மண்ணுலயே கொட்டவா?"

"சம்பளம் வருதுல்ல?"

"அப்ப என் எடத்துல மருந்து யாரு அடைப்பா?"

"ஒங்க மக ரோஜா சும்மாதான வீட்டுல இருக்கு. ஒங்க எடம் ஒங்க மகளுக்கு. வெளியாளுக்கா குடுத்தோம்?"

இப்படித்தான் நாற்பத்தாறு வயது மாரித்தாய் தடித்த சுவருக்குள், இரண்டு வாசலுக்கு நடுவில், மணலோடு பத்திரமாக உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது ரோஜா வெட்டவெளியில் மருந்தோடு உட்கார்ந்தாள். பாதுகாப்பு விதிகள் முழுமையாக அமலுக்கு வந்தன.

ரோஜா சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பாள். "என்னம்மா, இன்னைக்கு எத்தன கிலோ மண்ணு அடைச்ச? தலையில கொஞ்சம் எண்ணெய் வழியுது பாரு, ஆபீசர் கோவிச்சுக்கிறப் போறாரு."

"ஏட்டி, சிரிக்காத. படத்துல விழுந்துருவ. அங்கன பாத்து உக்காரு, ஒரசாத, பக்கத்துல வாளி இருக்கா?"

"வாளியெல்லாம் ஒனக்குத்தான். எங்களுக்கு மரம் இருக்கு."

சொன்னாளே, அது உண்மை. நாலு அறையின் வாளிகளையும் படத்தில் அழகாகத் தெரிய மாரித்தாயைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள்.

லட்சுமிகாந்தம் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை அவளைப் பார்த்தார். கட்டினவன்கூட அவளை இம்புட்டு நேரம் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவருக்குக் குறைகள் தெரிந்தன. போன் வரும், பாண்டிராஜ் ஓடிவந்து வாசலில் நின்று ஒப்பிப்பான். "மதினி, மூக்கைச் சொறியக் கூடாதாம்." "மதினி, சேலை மங்கலா இருக்காம், மஞ்சள்ல கட்டிட்டு வரச் சொன்னாரு." "மதினி, சுவத்துக்குப் பச்சை அடிக்கணுமாம், அப்பத்தான் நீங்க எடுப்பாத் தெரிவீகளாம்." அந்தப் படத்தை அமெரிக்காவில் இருக்கும் மைத்துனனுக்கும் காட்டினாராம். அந்த மைத்துனன், "இந்த அம்மா ரொம்ப இயற்கையாக இருக்கிறார்" என்று பாராட்டினானாம். மெட்ராஸிலிருந்து வந்த பெரிய அதிகாரிகளும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மிக்சர் தின்றுகொண்டே தொழிலாளர் பாதுகாப்பைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மெமோ வந்தது. "பதினான்காம் தேதி முற்பகல் நாற்பது நிமிடங்கள் வலது கையைத் தூக்கியபடி அசைவற்று இருந்தமைக்கு விளக்கம் தரவும்."

மாரித்தாய் மெமோவைத் தூக்கிக்கொண்டு விருதுநகர்க் கடைக்குப் போனாள். இக்பாலிடம் கேட்டாள்.

"அது நீங்க இல்லக்கா. லைன் மெதுவாப் போனா படம் அப்படியே நின்னுரும்."

"அப்ப நான் அசைஞ்சேன்தான?"

"நீங்க அசைஞ்சீக. படம் அசையல. அவுகளுக்குப் படம்தான நீங்க."

படத்தோடு வழக்காட முடியுமா? பயந்துபோய் எழுதிக் கொடுத்தாள்: "இனிமேல் அசைந்துகொண்டிருப்பேன், ஐயா." விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்றிலிருந்து மணல் அடைக்கிற கை போக மிச்ச உடம்பையும் லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தாள். எட்டு மணி நேரம். வீட்டில் சோறு தின்னும்போதும் உடம்பு தானாக ஆடியது. சாமி வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டு ராக்காயி திருநீறு பூசிவிட்டாள்.

இதையெல்லாம் மாரித்தாய் பொறுத்தாள். பொறுக்க முடியாதது ஆடி மாதம் வந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்தது. ஆடிக்காற்று மருந்தைக் கிளப்பிவிட்டது. மரத்து நிழல் நகர நகர, சாக்கும் நகர்ந்தது. நகராத மருந்து வெயிலில் காய்ந்தது. ரோஜா சாயங்காலம் புருவம் வரை மருந்தின் வெள்ளிப்பொடி அப்பிக்கொண்டு வீடு திரும்பினாள். மாரித்தாய் மகளின் தலையை மூன்று தடவை கழுவிவிட்டாள். மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினாள்.

லட்சுமிகாந்தம் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார்.

"கும்பிடுறேன் ஐயா. நான் மாரித்தாய்."

"எந்த மாரித்தாய்?"

"கேமராவுல இருக்கிறவ."

அவர் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "அவர் உயரம் குறைவாயிற்றே."

"உக்காந்திருப்பேன்ல ஐயா."

"நிறமும் கொஞ்சம் நீலம்."

"அது ஒங்க கம்ப்யூட்டரு நீலம் ஐயா."

பெட்டிக்குத் திரும்பியவரின் முகம் சிவந்துவிட்டது. "பாருங்கள், ஸ்டூல் காலி! பணி நேரத்தில் எங்கே போய்விட்டார்?"

"இங்கனதான் ஐயா நிக்கேன்."

"சற்று நகருங்கள் அம்மா, மறைக்கிறது. இங்கே ஒரு ஆளைக் காணவில்லை, நீங்கள் வேறு."

மாரித்தாய் நகர்ந்து நின்று, பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். "ஐயா, ரூமுக்குப் பின்னால வேப்பமரத்தடியில பன்னெண்டு பேரு மருந்து அடைக்காக. ஒரு வாளி கிடையாது. எம் மகளும் அங்கனதான் இருக்கா. ஒரு நட வந்து கண்ணால பாத்துட்டுப் போங்க."

"கண்ணால் பார்ப்பதெல்லாம் பழைய முறை அம்மா. கண்ணில் பதிவாகாது. அந்த மரம் காட்சி வரம்புக்குள் வருகிறதா?"

"வராது ஐயா."

"பிறகு எப்படி மரம் இருக்கிறது என்று சொல்கிறீர்கள்?"

"நாலு பேரு சேந்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும் ஐயா. அம்புட்டுப் பெரிய மரம்."

"உணர்ச்சிவசப்படாதீர்கள். நீங்கள் முதலில் போய் உங்கள் இடத்தில் உட்காருங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாக யோசிக்கிறேன்."

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் பார்த்துக்கொண்டே யோசித்தார். யோசனை முடிவதற்குள் ஒன்பதாம் நாள் வந்துவிட்டது.

அன்று சாப்பாட்டு மணி அடித்திருந்தது. மரத்தடியில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்தார்கள். மாரித்தாய் மணலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் பெரிய பாயை உதறியது போல ஒரு சத்தம். அடுத்து ஒரு வெளிச்சம். யாரோ ஒரு தட்டை இழுத்திருக்கிறார்கள். காய்ந்த மருந்து உரசியிருக்கிறது.

மாரித்தாய் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு ஓடினாள். அவள் வாசலைத் தாண்டிய அடுத்த நிமிஷம் போர்மேன் அறையில் போன் அடித்தது.

"அந்த அம்மா ஏன் எழுந்து போனார்?" என்றார் லட்சுமிகாந்தம்.

"தீப்பிடிச்சிருச்சு ஐயா!" பாண்டிராஜ் கத்தினான்.

"எங்கே?"

"மரத்தடியில ஐயா!"

"நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். சுவர் பச்சையாக இருக்கிறது. ஸ்டூல் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு வாளியைக் காணோம், அதற்குத் தனியாக விளக்கம் வேண்டும். தீ இல்லை."

"புகை வருது ஐயா, கண்ணு எரியுது!"

"அறைக்குள் வருகிறதா?"

"இன்னும் வரல ஐயா."

"வந்ததும் சொல்லுங்கள்."

சாகவில்லை யாரும். அது ஆபீசின் புண்ணியமல்ல, தண்ணீர்த் தாகத்தின் புண்ணியம். மரம் பாதி கருகியது. ரோஜாவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. அன்று மாலை ஆபீசிலிருந்து ஒரு கடிதமும் வந்தது: காட்சி மங்கலாக இருப்பதால் கேமராவின் கண்ணாடியைத் துடைக்கவும்.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்று வாக்குமூலங்கள். முடிவான அறிக்கை இப்படி இருந்தது: "பதிவுகளை முழுமையாக ஆராய்ந்ததில் தீ விபத்து ஏதும் நிகழவில்லை எனத் தெரிகிறது. பணியாளர் ஒருவர் தகுந்த காரணமின்றி எழுந்து வெளியேறினார். அவர் கண்டிக்கப்பட்டார்." அந்த வருஷம் விபத்தே இல்லாத பகுதி என்று ஆபீசுக்குக் கேடயம் கிடைத்தது. கேடயத்தைக் கம்ப்யூட்டருக்கு மேலேயே வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாரித்தாய் அந்த அறிக்கையை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். ரோஜா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி கேட்டாள்.

"யம்மா, அப்ப நான் படத்துல இல்லேல்ல?"

"இல்லட்டி."

"அப்புறம் எதுக்கும்மா இம்புட்டு வலிக்குது?"

மாரித்தாய் அறிக்கையை மடித்து வைத்தாள். விசிறியை எடுத்து வீசினாள்.

கை ஆறியது. சீசன் ஆறாமல் இருந்தது. "கருகாத பக்கம் நெழல் நல்லாத்தான் இருக்கு மதினி, திங்கக்கெழம ரோஜாவ அனுப்புங்க" என்று பாண்டிராஜ் சொல்லிவிட்டுப் போனான். அனுப்பாவிட்டால் இரண்டு பேர் வேலையும் போகும். ஊரில் வேறு வேலை வேறு கம்பெனியில் இருந்தது. வேறு கம்பெனியில் வேறு மரம் இருந்தது.

மாரித்தாய் விருதுநகர் போய் இக்பால் கடை ஏறினாள்.

"வாங்கக்கா. மக கை எப்படி இருக்கு?"

"இருக்கு தம்பி. எனக்கு ஒரு கேமரா வேணும். ஓடாத கேமராவாப் பாத்துக் குடு."

"ஓடாததை வச்சு என்னக்கா செய்யப் போறீக?"

"ஓடுனதை வச்சு என்ன செஞ்சாக?"

இக்பால் உள்ளே போய், பூனை தள்ளி உடைத்த ஒரு கேமராவைத் துடைத்து எடுத்துவந்தார். உள்ளே ஒரு உறுப்பும் இல்லை. அதோடு நாலு முழம் கறுப்பு வயரும் கொடுத்தார். "வயர் தொங்குனாத்தான் மரியாத" என்றார்.

ஆயுதபூஜை லீவன்று, வாட்ச்மேனுக்குப் பொரியும் கடலையும் கொடுத்துவிட்டு, மெஷினுக்குச் சந்தனம் வைக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனாள். தன் ஸ்டூலைத் தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் போட்டு ஏறினாள். கேமராவைக் கிளையில் கட்டினாள். வயரின் நுனியை மரத்தடி மண்ணில் புதைத்தாள். கேமராவுக்கு நெற்றி மாதிரி இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

திங்கட்கிழமை பாண்டிராஜ் மரத்தைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான்.

"மதினி, இது எப்ப வந்துச்சு?"

"லீவன்னைக்கு ஆபீசுல இருந்து வந்து வச்சிட்டுப் போனாக."

மாரித்தாய் சொன்னதில் யாரும் திருத்தாத வாக்குமூலம் இது ஒன்றுதான்.

"வயரு மண்ணுக்குள்ள போகுது?"

"போகுது."

"அண்டர்கிரவுண்டு," என்றான் பாண்டிராஜ் பயபக்தியோடு.

மரத்தில் கேமரா இருக்கிறது. கேமரா என்றால் மின்சாரம். மின்சாரம் இருக்கும் இடத்தில் மருந்து கூடாது. மருந்தை எங்கே கொண்டுபோவது? சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கம்பெனியில் கேமரா இல்லாத இடம் பூட்டிக்கிடந்த மூன்று அறைகள் மட்டும்தான். ஆபீசுக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகப் பூட்டைத் திறந்து, மருந்தை அங்கே ஒளித்துவைத்தார்கள். மூன்று அறை, அறைக்கு நாலு பேர், பன்னிரண்டு பேரும் சரியாக ஒளிந்துகொண்டார்கள். ரோஜா தடித்த சுவருக்குள், இரண்டு வாசலுக்கு நடுவில், சட்டத்துக்குப் பயந்து சட்டப்படி உட்கார்ந்தாள். வாளிகளை மட்டும் மாரித்தாய் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் அந்த அறைகளின் வாசலில் வைத்தாள். படத்தில் வாளி குறைகிறதே என்று மெமோ வந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள்.

மரத்துக் கேமரா பற்றிய பேச்சு விருதுநகருக்கும் போனது. தனக்குத் தெரியாமல் ஒரு கேமரா இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் மேலிடத்தில் என்ன நினைப்பார்கள்? லட்சுமிகாந்தம் அடுத்த அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: "மரத்தடிக் கேமராவின் காட்சி மிகத் தெளிவாகக் கிடைத்துவருகிறது." அதைப் படித்த வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், ஆபீஸ் தங்கள் மரத்துக்கும் வந்துவிடுமே என்று நடுங்கி, மருந்தை அவசரமாக அறைகளுக்குள் ஒளித்தார்கள். அங்கிருந்தும் இரண்டு தாய்மார் இக்பால் கடைக்கு வந்து ஓடாத கேமரா கேட்டார்களாம். கையிருப்பு தீர்ந்து, நல்ல கேமராவைப் பூனையிடம் காட்டிக்கொண்டிருப்பதாக இக்பால் சொன்னார்.

அந்தக் கேமராவுக்குள் ஒன்றுமில்லை என்பது மாரித்தாய்க்குத் தெரியும். அவள் கையால்தான் கட்டினாள். இருந்தாலும் தினமும் காலையில் மரத்தைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துச் சொருகிக்கொள்கிறாள். மூக்கைச் சொறிவதில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சநேரம் அதற்கு முன்னால் நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று, உடம்பை லேசாக ஆட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.